கெர்ச் அம்மாவின் வாக்கு

24 ஓகஸ்ட் 2020, திங்கள்

காலை 36.4. மாலை 36.6. இருமல் இல்லை.

முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற எல்லோரும் தினமும் காய்ச்சல் பார்த்து எழுதவேண்டும் என்று மார்ச் மாதம் இந்தக் கொப்பியைத் தந்தார்கள். ஒரு நாளுக்கு ஒரு பக்கம். இரண்டு இலக்கங்களை எழுதிவிட்டு மிச்சப் பக்கத்தை வெறுமையாக விட மனம் வராமல் எழுதத் தொடங்கினேன். யாரும் வாங்கிப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் அவர்களுக்குத் தமிழ் தெரியாது.

கோடை விடுமுறை முடிந்து இன்று விமானப்படையின் ஜெட்டுகள் மறுபடி பறந்தன. இந்தப் பள்ளத்தாக்கில் விமானம் முதலில் போய்விடும், சத்தம் பிறகு வந்து இரண்டு மலைகளிலும் மோதும். நான் இரண்டாம் மாடியில் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தேன். தட்டுகளைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றேன். இருபது வருடமாக இப்படித்தான். யாராவது பார்த்தால் நாரி பிடித்துவிட்டது, முதுகை நிமிர்த்த முடியவில்லை என்று சொல்வேன்.

மகன் துவாரகன் வேலையால் வந்து, இன்று பறந்ததில் ஒன்றின் சில்லை மாற்றியது தான்தான் என்றான். விமானத்தளத்தின் திருத்தகத்தில் அவன் தொழில் பழகுகிறான், இது நான்காவது, கடைசி வருடம். முகம் மலர்ந்திருந்தது. மூன்று தரம் கை கழுவியும் எண்ணெய் மணம் போகவில்லை. புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும்.

29 ஓகஸ்ட், சனி

36.3. 36.5.

வாக்குச் சீட்டுகள் தபாலில் வந்துவிட்டன. மூன்று தடித்த உறைகள்: எனக்கு, என் கணவருக்கு, துவாரகனுக்கு. நாங்கள் இந்த நாட்டுக் குடியுரிமை பெற்றுச் சிவப்புக் கடவுச்சீட்டு எடுத்து இரண்டு வருடம்தான் ஆகிறது. பெயர் அச்சடித்த உறையைப் பார்க்க இன்னும் புதினமாக இருக்கிறது.

செப்ரெம்பர் 27இல் ஐந்து விஷயங்களுக்கு வாக்கு. வெளிநாட்டவர் வரவைக் கட்டுப்படுத்துவது, பிள்ளை பிறந்தால் தகப்பனுக்கு விடுமுறை, ஓநாய்களைச் சுடுவதை இலேசாக்குகிற சட்டம், பிள்ளை பராமரிப்புக்கு வரிச்சலுகை. ஐந்தாவது, புதிய போர் விமானங்கள். ஆறு பில்லியன் பிராங். துவாரகன் விளக்கக் கையேட்டை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு எங்களுக்குப் பாடம் எடுத்தான்.

“எந்தப் பிளேன் எண்டு இதில கேக்கேல்லையம்மா. வாங்கலாமோ வேண்டாமோ எண்டுதான் கேக்கினம். எந்தப் பிளேன் எண்டதை அவையள் பிறகு முடிவெடுப்பினம்.”

விலையைச் சொல்லிப் பொருளைக் காட்டாமல் சம்மதம் கேட்கிறார்கள் என்று நான் சொன்னேன். அவன் சிரித்தான். என் கணவர் சமையல் வேலை செய்கிற ஹோட்டலில் இன்னும் பாதி நேரம்தான் திறக்கிறார்கள். அவர் கையேட்டைப் பார்க்கவே இல்லை. பெடியன் வேலை செய்கிற இடம், இதில் யோசிக்க என்ன கிடக்கு என்றுவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

31 ஓகஸ்ட், திங்கள்

36.4. 36.4.

இல்லத்தில் கெர்ச் அம்மாவைக் குளிக்க வார்த்தேன். எல்லோரும் அவரை ஃப்ராவ் கெர்ச் என்பார்கள். எனக்கு மனதுக்குள் கெர்ச் அம்மாதான். தொண்ணூற்றொரு வயது. மேல் சரிவில் இருபது மாடு வைத்திருந்த வீட்டுக்காரி. கால்கள் இரண்டும் ஓய்ந்துவிட்டன, தலைக்குள் ஒன்றும் ஓயவில்லை. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பத்திரிகையைக் கடைசி வரி வரைக்கும் படிப்பார்.

அவருடைய உறையும் வந்திருந்தது. துவாயால் தலையைத் துடைக்கும்போதே தொடங்கிவிட்டார். போர் விமானத்துக்கு இது தனக்கு மூன்றாவது வாக்காம். எதிர்த்தவர்கள் தொண்ணூற்று மூன்றில் தோற்றார்களாம், இரண்டாயிரத்துப் பதினான்கில் வென்றார்களாம். அந்தக் காலத்தில் ஜெட் தாழப் பறந்த ஒரு நாளில் தன் சினை மாடு மிரண்டு வேலியில் விழுந்து கன்று போனதாம். அவரும் புருஷனும் வீடு வீடாகப் போய் எதிர்ப்புக் கையெழுத்து வாங்கினார்களாம்.

பிறகு என்னிடம் கேட்டார், சனி ஞாயிறில் இந்த மாடியில் எத்தனை பேர் வேலைக்கு நிற்கிறீர்கள் என்று. பதினான்கு பேருக்கு இரண்டு பேர் என்றேன். மார்ச்சில் மாஸ்க் இருந்ததா என்றார். ஒன்றை இரண்டு நாள் போட்டோம் என்றேன். அந்த மாதத்தில் சனங்கள் பல்கனிகளில் நின்று எங்களுக்குக் கை தட்டினார்கள். அதையும் அவர் மறக்கவில்லை. “கைதட்டல் மலிவு” என்றார்.

அவருக்கு வாக்குரிமை வந்தபோது நாற்பத்திரண்டு வயது. இந்த நாட்டில் பெண்களுக்கு எழுபத்தோராம் ஆண்டில்தான் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு வாக்கையும் விட்டதில்லை என்றார். புருஷன் செத்த கிழமையிலும் போட்டாராம்.

என் மகன் எங்கே வேலை செய்கிறான் என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

3 செப்ரெம்பர், வியாழன்

36.6. 36.7. இரட்டை வேலை நேரம். கால் வீக்கம்.

5 செப்ரெம்பர், சனி

36.4. 36.5.

துவாரகனின் மாஸ்டர் நேற்று நான்கு தொழில் பழகுநர்களையும் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். இப்படி வாக்குப் போடுங்கள் என்று சொல்லத் தனக்கு அனுமதி இல்லை என்றாராம். ஆனால் இப்போது இருக்கிற ஜெட்டுகளின் காலம் இன்னும் பத்து வருடம்தான் என்றாராம். அதற்குப் பிறகு புதியது இல்லையென்றால் ஓடுபாதையில் புல்தான் முளைக்கும் என்றாராம்.

“‘இல்லை’ எண்டு வந்தால் இஞ்ச பழகினது எல்லாம் வீண்தான் அம்மா. ‘ஓம்’ எண்டு வந்தால் அடுத்த ஓகஸ்டிலயிருந்து என்னை நிரந்தரமா எடுப்பினம் எண்டு நினைக்கிறன்.”

மாஸ்டர் அப்படிச் சொன்னவரோ என்று கேட்டேன். சொல்லவில்லை, ஆனால் அப்படித்தான் விளங்குகிறது என்றான். இவன் பள்ளியில் இருந்தபோது எழுபது விண்ணப்பம் எழுதினான். தமிழ்ப் பெயரைப் பார்த்தே எத்தனை திரும்பி வந்திருக்கும். எடுத்தது இந்த ஓரிடம்தான். முதல் நாள் நீலச் சீருடையைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றது என் கண்ணிலேயே நிற்கிறது.

9 செப்ரெம்பர், புதன்

36.5. 36.5.

ரி.வி.யில் விவாதம். விமானப்படை இல்லாத நாடு கூரையில்லாத வீடு என்றார் ஒருவர். கூரை வேண்டும், ஆனால் தங்கத்தில் வேண்டாம், வானத்தில் காவல் பார்க்க இலேசான சின்ன விமானங்களே போதும் என்றார் எதிரில் இருந்த பெண். துவாரகன் தலையில் கை வைத்தான். சின்ன பிளேன் ஒன்றுக்கும் உதவாது என்றான்.

நான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். சின்னதால் குண்டு போட முடியாதா என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். எங்கள் ஊரில் தொண்ணூறாம் ஆண்டு வந்த பொம்பர்கள் சின்னதாகத்தான் இருந்தன என்றேன். ஊர்ச் சண்டையைப் பற்றி நான் ஒருநாளும் கதைப்பதில்லை. அதனால் அவனுக்கு ஆர்வம் வந்துவிட்டது. எப்படிச் சத்தம் போடும், மூக்கில் விசிறி இருந்ததா என்றெல்லாம் கேட்டுப் போனில் தேடினான். ஒரு படத்தைக் காட்டினான். அதேதான்.

“இது ஃபைட்டரே இல்லையம்மா. பறக்கப் பழக்கிறதுக்குச் செய்த பிளேன். செட்டைக்குக் கீழ குண்டைக் கட்டியிருக்கினம்.”

செய்தது எந்த நாடு என்றேன். இந்த மலைகளுக்கு அந்தப் பக்கத்து நாட்டின் பெயரைச் சொன்னான். நாங்கள் போன வருடம் சுற்றுலா போய் ஐஸ்கிறீம் குடித்துவிட்டு வந்த நாடு. இங்கே பறக்கிற பழைய ரைகர் ரக ஜெட்டுகளையும் அமெரிக்காவுக்கு விற்கப்போகிறார்களாம், பயிற்சிக்கு. அதைச் சொல்லிக்கொண்டே அவன் போனை வைத்துவிட்டான்.

என் தங்கை இந்து அந்தப் பொம்பரில்தான் செத்தாள். வீட்டுக்குப் பின்னால் பனங்குற்றி போட்டு மூடிய பதுங்குகுழி இருந்தது. நாங்கள் உள்ளே இறங்கிவிட்டோம். அடையாள அட்டைகளும் காணி உறுதிப் பத்திரமும் இருந்த பை வீட்டுக்குள் மறந்துபோய்விட்டது. அவள் அதை எடுக்க ஓடினாள். பொம்பர் இரண்டாம் முறை சுற்றி வந்தது.

உடுப்பெல்லாம் மடித்து முடித்துவிட்டேன்.

13 செப்ரெம்பர், ஞாயிறு

36.3. 36.4.

சாப்பாட்டு மேசையில் மூவரும் வாக்குச் சீட்டு நிரப்பினோம். ஓம் என்றால் ‘யா’, இல்லை என்றால் ‘நைன்’ என்று கையால் எழுதவேண்டும். என் கணவர் ஐந்து நிமிடத்தில் முடித்துக் கையெழுத்தும் வைத்தார். துவாரகன் ஓநாய்ச் சட்டத்துக்குத்தான் அதிக நேரம் யோசித்தான். நான் நான்கு எழுதிவிட்டு அடுப்பில் சோறு இருக்கிறது என்று எழும்பினேன். சோறு அடுப்பில் இருந்ததும் உண்மைதான்.

16 செப்ரெம்பர், புதன்

36.5. 36.6.

வேலைக்குப் போகமுதல் ஐந்தாவதை எழுதினேன். யா என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். பிள்ளையின் பெயரையும் ஒரு தரம் சொல்லிக்கொண்டேன். எழுதி முடித்துப் பார்த்தால் நைன் என்று இருந்தது. பஸ் தரிப்பிடத்து மஞ்சள் பெட்டியில் போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

பின்னேரம் துவாரகன் கேட்டான், அனுப்பிவிட்டீர்களா, என்ன எழுதினீர்கள் என்று. ஓம் என்று எழுதினேன் என்றேன். வந்து கட்டிப்பிடித்தான். இப்போதெல்லாம் அவன் கட்டிப்பிடிப்பதில்லை.

18 செப்ரெம்பர், வெள்ளி

36.5. 36.5.

கெர்ச் அம்மா தன் உறையை என்னிடம் தந்தார். அலுவலகத்தில் கொடுக்கிறேன் என்றேன். வேண்டாம், போன வருடம் அவர்கள் ஒன்றை இரண்டு நாள் மேசையில் போட்டு வைத்தார்கள், நீ உன் கையால் போடு என்றார். முத்திரை தானே ஒட்டியிருந்தார், கொஞ்சம் சரிவாக. நாக்கால் நனைத்து மூடுவதற்குள் இரண்டு தரம் இளைப்பாறினார்.

“இது என் கடைசி விமான வாக்கு” என்றார். “அடுத்ததற்கு நான் இருக்க மாட்டேன்.”

பைக்குள் வைத்தேன்.

20 செப்ரெம்பர், ஞாயிறு

36.4. 36.4. நேற்றும் இன்றும் ஓய்வு. வெளியே போகவில்லை.

21 செப்ரெம்பர், திங்கள்

36.6. 36.5. பஸ் வந்துவிட்டது. பெட்டிக்குப் போக நேரம் இருக்கவில்லை.

22 செப்ரெம்பர், செவ்வாய்

36.5. 36.6. மழை.

24 செப்ரெம்பர், வியாழன்

36.5. 36.5.

கெர்ச் அம்மா, போட்டுவிட்டாயா என்று கேட்டார். வெள்ளியே போட்டேன் என்றேன்.

தபாலில் இன்று போட்டால் நாளையோ சனிக்கிழமையோ போய்ச் சேரும். தரிப்பிடத்தில் ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ் வரும்வரை நின்றேன். பெட்டி என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. என் கையால் ஒரு நைன் போய்விட்டது. மகனுக்கு எதிராக அது ஒன்று போதும். இதுவும் போனால் இரண்டு. இது போகாவிட்டால், நான் அவனுக்கு ஓம் போட்டதுபோல் ஆகும் என்று நின்றபடியே நினைத்தேன். அடுத்த பஸ் வந்தது.

26 செப்ரெம்பர், சனி

36.4. 36.8.

ஊர் நிர்வாக அலுவலகச் சுவரில் ஒரு பெட்டி இருக்கிறது. நாளைக் காலை வரைக்கும் அதில் போடலாம். பேக்கரிக்குப் பாண் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்துபோனேன். துவாரகனின் மாஸ்டர் மனைவியோடு வந்து தன் உறையைப் போட்டுவிட்டு, என்னை அடையாளம் கண்டு வணக்கம் சொன்னார். உங்கள் மகன் நல்ல கைவேலைக்காரன் என்றார். நன்றி என்றேன்.

பாண் வாங்கிக்கொண்டு வந்தேன்.

27 செப்ரெம்பர், ஞாயிறு

36.5. 36.6.

மத்தியானத்திலிருந்து துவாரகன் ரி.வி.க்கு முன்னால். அரைவாசிக்கு அரைவாசி, முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். மற்ற நான்கும் முடிந்துவிட்டன. வெளிநாட்டவருக்கு எதிரானது தோற்றது. என் கணவர் அதற்குக் கைதட்டினார். விமானம் மட்டும் முடியவில்லை. ஒரு மாநிலம் ஓம், ஒரு மாநிலம் இல்லை. நான் மூன்று தரம் தேத்தண்ணீர் போட்டேன்.

பின்னேரம்தான் சொன்னார்கள். ஓம். நூற்றுக்கு ஐம்பது தசம் ஒன்று. முழு நாட்டிலும் எட்டாயிரத்து அறுநூற்றி எழுபது வாக்கு வித்தியாசம். துவாரகன் எழும்பிக் கத்தவில்லை. சோபாவில் அப்படியே சாய்ந்து கண்ணை மூடினான். அவ்வளவு பயந்திருக்கிறான், பிள்ளை.

உறை என் குளிர்காலச் சப்பாத்துப் பெட்டிக்குள் இருக்கிறது.

28 செப்ரெம்பர், திங்கள்

36.5. 36.5.

கெர்ச் அம்மா பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். இல்லை. இவ்வளவு கிட்ட வந்தோமே என்றார். பூதக்கண்ணாடியை அந்த இலக்கத்தின் மேல் பிடித்து எனக்கும் காட்டினார். இல்லை என்று போட்டவர்கள் பதினாறு லட்சம் பேர், அதில் தானும் ஒன்று என்றார்.

சீப்பை எடுத்துத் தலை வாரிவிட்டேன்.

14 ஒக்ரோபர், புதன்

36.6. 36.6.

கொரோனா மறுபடி ஏறுகிறது. முதலாம் மாடியில் இரண்டு பேருக்கு. வருகையாளர்களை நிறுத்திவிட்டார்கள். இந்த முறை மாஸ்க் இருக்கிறது, ஆட்கள் இல்லை. மூன்று பேர் தனிமைப்படுத்தலில். சனி ஞாயிறும் வரமுடியுமா என்று கேட்டார்கள், ஓம் என்றேன்.

30 ஒக்ரோபர், வெள்ளி

36.4. 36.5.

துவாரகன் நேரத்தோடேயே வந்துவிட்டான். சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் இருந்தான்.

மாஸ்டர் இன்று சொல்லிவிட்டாராம். எந்த விமானம் என்று அடுத்த வருடம்தான் முடிவாகும். வந்து சேர இன்னும் ஐந்தாறு வருடம். அதுவரைக்கும் இருக்கிற ஆட்களே போதும், புதிதாக யாரையும் எடுக்கக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு. புதியது வந்தாலும் திருத்த வேலையில் எவ்வளவு இங்கே நடக்கும், எவ்வளவு விமானத்தைச் செய்தவர்களிடமே போகும் என்று ஒருவருக்கும் தெரியாதாம். நான்கு பழகுநர்களில் ஒருவரையும் ஜூலைக்குப் பிறகு வைத்திருக்க மாட்டார்கள்.

என் கணவர் ஆத்திரப்பட்டார். அப்ப எதுக்கு அந்தப் பயம் காட்டினவங்கள் என்று கேட்டார். துவாரகன் மாஸ்டருக்காகக் கதைத்தான். அவரும் என்ன செய்வார், அவர் சொன்னதில் பொய் இல்லை, இல்லை என்று வந்திருந்தால் எல்லாமே போயிருக்கும், ஓம் என்று வந்ததால் எங்களுக்கு மட்டும்தான் போனது என்றான்.

பிறகு என்னைப் பார்த்து, “நீங்கள் கவலைப்படாதேங்கோ அம்மா. நீங்கள் உங்களால ஏலுமானதைச் செய்தனீங்கள்” என்றான்.

சாப்பிடவில்லை. நானும்.

5 நவம்பர், வியாழன்

36.7. 36.6.

கெர்ச் அம்மாவுக்குக் கொரோனா. நேற்று இரண்டு தரம் இருமினார். ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன் என்று எழுதி வைத்திருக்கிறார். அறையை மூடிவிட்டோம். உள்ளே போக மேலங்கி, கையுறை, கண்ணாடி, இரண்டு மாஸ்க். எங்களை முதியவர்களுக்கு அடையாளம் தெரியாது என்று நெஞ்சில் பெயரை எழுதி ஒட்டச் சொல்கிறார்கள். எனக்குத் தேவைப்படவில்லை. கண்ணைப் பார்த்தே “மாலா” என்றார். என் பெயரை மலர் என்று சொல்ல அவருக்கு வராது.

8 நவம்பர், ஞாயிறு

36.5.

ஒட்சிசன் குழாய் போட்டிருக்கிறது. மூச்சு ஏறி இறங்குவது மேலங்கிக்குள் நிற்கிற எனக்கும் கேட்டது. ஆனால் தெளிவாக இருந்தார். இன்று சொல்லாவிட்டால் இனிச் சொல்ல முடியாது என்று தெரிந்துவிட்டது.

முதுகைத் திருப்பிப் படுக்கவைத்து, தலையணையைச் சரிசெய்துவிட்டு, பக்கத்தில் குந்தி இருந்து சொன்னேன். உங்கள் உறையை நான் போடவில்லை என்றேன். மாஸ்க்குக்குள்ளால் கேட்கவில்லை என்று நினைத்துத் திரும்பவும் சத்தமாகச் சொன்னேன்.

“எது?” என்றார்.

செப்ரெம்பர் வாக்கு என்றேன்.

 மறந்துவிட்டாயா என்று கேட்டார். மறக்கவில்லை என்றேன். என் மகன் விமானத்தளத்தில் வேலை பழகுகிறான் என்றேன். அதற்கு மேல் என் ஜேர்மன் மொழியில் ஒன்றும் வரவில்லை. தமிழிலும் வந்திருக்காது.

“என்னிடம் கேட்டிருக்கலாமே” என்றார்.

அவரது கையைப் பிடிக்கப் போனேன். அவர் இழுத்துக்கொண்டார். இழுப்பதற்கு அவருக்கு எவ்வளவு பலம் தேவைப்பட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும், ஐந்து வருடம் அந்தக் கையைத் தூக்கி உடுப்புப் போட்டது நான். நாற்பத்தொன்பது வருடம், ஒரு வாக்கையும் விட்டதில்லை என்று தனக்குள் சொன்னார். பிறகு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மற்றப் பிள்ளையை வரச் சொல் என்றார்.

மேலங்கியைக் கழற்றி, கை கழுவி, என்னோடு வேலைக்கு நின்ற மற்றவளிடம் போய்ச் சொன்னேன். காரணம் கேட்கவில்லை. எல்லோரும் களைத்துப் போயிருக்கிறோம்.

12 நவம்பர், வியாழன்

36.6. 36.5.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கெர்ச் அம்மா போய்விட்டார். மற்றவள்தான் கூட இருந்தாள். இந்த நான்கு நாளும் நான் கதவுவரை தண்ணீரும் துணிகளும் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பினேன். என்னைக் கேட்டாரா என்று விசாரித்தேன். இல்லை என்றாள். அவருடைய மகளுக்குக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கத்தான் அனுமதி.

மத்தியானம் அறையைச் சுத்தம் செய்ய என்னை விட்டார்கள். பத்திரிகைகளைக் கட்டி வைத்தேன். இரண்டு ஜெட்டுகள் பள்ளத்தாக்கின் மேல் போயின. நான் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஓரிடத்தில் எழுதவேண்டும், இங்கேயே எழுதுகிறேன். பையை எடுக்க இந்து தானாக ஓடவில்லை. எடுத்துவா என்று சொன்னது நான். எனக்குப் பதினாறு வயது, நான்தான் பெரியவள், எனக்கு வெளியே வரப் பயமாக இருந்தது. என் அம்மா வந்து கேட்டபோது அவளாக ஓடினாள் என்றேன். அம்மா சாகும்வரைக்கும் அப்படித்தான் நம்பினார். என் கணவரிடமும் இத்தனை வருடமாக அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். இந்தக் கொப்பியிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

15 நவம்பர், ஞாயிறு

36.4.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என் கணவர் வேலைக்குப் போய்விட்டார். துவாரகன் மேசையில் மடிக்கணினியை வைத்து விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தான். பக்கத்துப் பள்ளத்தாக்கில் கேபிள் கார் திருத்துகிற ஒரு நிறுவனம் இருக்கிறதாம், அங்கே ஒரு இடம் இருக்கலாமாம். எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டான். என் ஜேர்மனில் நான் என்ன பிழை பார்க்கப் போகிறேன், பக்கத்தில் இருக்கட்டும் என்றுதான் கூப்பிட்டான்.

சப்பாத்துப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். உறையை எடுத்து அவனுக்கு முன்னால் வைத்தேன். பெயரைப் படித்துவிட்டு, யார் இது என்றான்.

எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் உறை. பிறகு என் சீட்டில் நான் எழுதியது ஓம் இல்லை என்பது. அவன் முகம் மாறியது. ஏன் என்று கேட்டான். இந்துவைச் சொன்னேன். பதுங்குகுழியை, பையை, யார் போகச் சொன்னது என்பதை. என் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. அவன் அந்தப் போனில் எனக்குக் காட்டிய படத்தை நினைத்திருக்கவேண்டும், எழும்பி யன்னலடிக்குப் போய் நின்றான்.

திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து உறையைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தான். திறக்கவில்லை.

“எட்டாயிரத்து அறுநூற்றி எழுபதில ஒண்டு குறைஞ்சு அறுநூற்றி அறுபத்தொன்பது ஆகியிருக்கும். அவ்வளவுதான் அம்மா. உங்கட வாக்கும் அவவின்ர வாக்கும் ஒண்டையும் மாத்தியிராது. நீங்கள் போட்டிருந்தாலும் எனக்கு வேலை இல்லைதான். போடாட்டிலும் இல்லைதான்.”

ஆறுதலுக்குத்தான் சொன்னான். அவன் சொன்னது சரி என்று எனக்கும் தெரியும். ஒரு வாக்கு என்றான், பதினாறு லட்சத்தில் ஒன்று என்றான், நூற்றுக்கு எத்தனை என்றுகூடப் போனில் போட்டுப் பார்த்து, இத்தனை பூச்சியம் வருகிறது என்று காட்டினான். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு போனை மேசையில் கவிழ்த்து வைத்தான்.

“சித்திக்கு அப்ப எத்தனை வயசு?”

சித்தி என்ற சொல்லை இந்த வீட்டில் அவன் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

பதினொன்று என்றேன். அதற்குப் பிறகு அவன் எந்த எண்ணிக்கையும் சொல்லவில்லை.